நூலால் கட்டி வைத்த சொல்

ஒருரோ நகரத்தில் எங்கள் அச்சகத்தில்
ஒரு சொல்லை மட்டும் பிரித்துப் போடுவதில்லை.
'பொலிவியக் குடியரசு' –
சணல் நூலால் நாலு சுற்று, ஒரு முடிச்சு.
வாரம் ஒருமுறை யாராவது கேட்பார்கள்,
ஒவ்வொரு தடவையும் கோக்க முடியுமா?

எழுத்தில் பாதிக்கு மேல் ஈயம்.
மீதி வெள்ளீயமும் ஆன்டிமனியும்
எங்கள் மலைகளிலிருந்து மூட்டையாய் இறங்கி
ரயிலேறி,
ஒருகாலத்தில் எங்களுடையதாயிருந்த துறைமுகம் வழியாகக் கப்பலேறி
எழுத்தாகித் திரும்பி வந்தவை,
விலைச்சீட்டோடு.
அதற்கு முன்பு போன வெள்ளி
எழுத்தாகக்கூடத் திரும்பவில்லை.
முறைவைத்து ஊர் ஊராய் ஆள் பிடித்துப்
பொடோசி மலைக்குள் இறக்கிய காலத்தை
யாரும் எங்களிடம் அச்சடிக்கத் தரவில்லை.
அது எங்கள் வீடுகளுக்கு இருமலாக வந்து சேர்ந்தது.

எனக்கு முன்னால் இதே மேசையில் நின்றவர் சதுர்னினோ போமா.
படிக்கத் தெரியாது.
வடிவம் பார்த்துக் கோப்பார், ஒரு பிழை இருக்காது.
படித்தவனுக்கே வாக்கு என்றிருந்த நாளில்
வாக்குச்சீட்டை அடுக்கியது அவர் விரல்.
சாக்கோ போரில் செத்தவர்கள் பட்டியலும் அவர் கைதான்.
கிஸ்பே, கிஸ்பே, மறுபடி கிஸ்பே.
மூன்றாம் பக்கத்தில் கியூ தீர்ந்துபோய்
ஓ எழுத்துக்கு வால் பற்றவைத்தாராம்.
தாகத்தில் செத்தவர்களே பாதி என்று
பட்டியலில் போட இடமில்லை.

ஐம்பத்திரண்டில்
டைனமைட்டோடு சுரங்கத்தார் இறங்கி வந்த பிறகு
அவருக்கும் வாக்கு வந்தது.
நிறம் பார்த்துப் போடும் சீட்டு.
எழுத்தே தேவைப்படாத ஒன்றுக்கு
இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று சொல்லிச் சிரித்தாராம்.

நான் சேர்ந்தது ராணுவக் காலம்.
ராத்திரி பதினோரு மணிக்கு ஜீப் நிற்கும்.
தாய்நாடு, ஒழுங்கு, தற்காலிகம்:
வாசகம் மாறாது.
"பெயருக்கு இடம் விடு பேசிலியா,
விடியட்டும், பார்க்கலாம்"
என்பார் முதலாளி.
ஒருமுறை விடிவதற்குள்
இரண்டு பெயர் மாறின.
மை காயவில்லை.
பக்கத்துத் தெரு தொழிற்சங்கக்காரர் ரெனான்
அந்த வாரம் துண்டறிக்கைக்குக் கொடுத்த முன்பணம்
இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது.
எண்பத்தைந்தில் அந்த நோட்டுக்கு
ஒரு ரொட்டியின் ஓரம்கூட வரவில்லை.
அவரும் வரவில்லை.

மார்ச் மாதம் வந்தால் கடல் தினச் சுவரொட்டி.
'கடல்' எங்கள் மொழியில் மூன்றே எழுத்து,
பெட்டியில் அதிகம் தேய்ந்தவையும் அவையே.
நான் கடலைப் பார்த்ததில்லை.
தலைகீழாகக் கோத்திருக்கிறேன், முப்பது முறை.

பிறகு ஒரு பிப்ரவரியில்
நாட்டுக்குப் பெயர் மாறிற்று.
குடியரசு இல்லை இனி, பன்மைத்தேசிய அரசு.
கோப்புச்சட்டத்தில் அடங்காத நீளம்.
அய்மாராவும் ஆட்சிமொழி என்றார்கள்.
தண்ணீர்க் குழுவிலிருந்து ஒருத்தி வந்து
கூட்ட அறிவிப்பை அய்மாராவில் கேட்டாள்.
வீட்டில் பேசுகிற மொழி.
அன்றைக்குத்தான் முதல்முறை கோக்கிறேன்.
இரண்டாவது வரியிலேயே நின்றது கை:
'கே' இல்லை.
ஸ்பானிய எழுத்துப்பெட்டியில் கே-க்கு
ஒரு மூலைதான், பத்துப் பன்னிரண்டு.
எங்களுக்கோ வாயைத் திறந்தாலே கே.

முடிச்சு இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்தேன்.
குடியரசைக் கரண்டியில் போட்டேன்.
ஆடை படர்ந்தது, விலகியது,
அடியில் மலை பளபளத்தது.
முதல் அச்சு கோணல்.
இரண்டாவது கே நேராக நின்றது.

சுவரொட்டியைச் சுடச்சுட வாங்கிப் போனாள் அவள்.
ஞாயிறு பத்து மணி, குழாயடி.
வருவார்களா, தண்ணீர் வருமா, தெரியாது.

நூலை எறியவில்லை.
ஆணியில் தொங்குகிறது.
புதுப் பெயரின் நீளத்துக்குப் போதுமா என்று
ஒருநாள் அளந்து பார்த்தேன்.